பற்கூழுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம்

பல் என்றவுடன் கல்லைப் போலக் கடினமான ஒரு பொருளே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆனால் எனாமல், டென்டின் என்னும் இரண்டு கடின அடுக்குகளுக்கு உள்ளே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிருள்ள செல்களும் நிறைந்த மென்மையான திசு ஒன்று இருக்கிறது. பற்கூழ் என்பது அதன் பெயர். ஒரு நிரந்தரப் பல்லில் அதன் சராசரி அளவு ஏறத்தாழ 0.02 மில்லிலிட்டர் மட்டுமே. ஒரு துளி நீரில் பாதிகூட இல்லை. அவ்வளவு சிறிய அந்தத் திசுவைக் காப்பாற்றுவதா, அகற்றிவிடுவதா என்னும் கேள்வி, பல் பாதுகாப்புச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எங்கள் முன் ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறது.

ஆழமான சொத்தையைச் சுத்தம் செய்யும்போது, சில நேரங்களில் டென்டினின் கடைசி மெல்லிய படலமும் நீங்கி, குண்டூசி முனை அளவுக்குப் பற்கூழ் வெளியே தெரிகிறது. ஒரு சொட்டு இரத்தம் கசிகிறது. கீழே விழுந்து முன்பல் உடைந்த குழந்தைகளிடமும் இதே நிலையைக் காண்கிறோம். அந்த இடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, பற்கூழ் முழுவதையும் எடுத்துவிட்டு வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது; மக்கள் 'ரூட் கெனால்' என்று அறிந்திருக்கும் வேர் சிகிச்சை அதுவே. மற்றொன்று, வெளிப்பட்ட இடத்தின் மீது தகுந்த மருந்துப் பொருளை நேரடியாக வைத்து மூடி, பற்கூழ் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள இடம் கொடுப்பது. இதைப் பற்கூழ் நேரடி மூடல் என்கிறோம்.

பல்லின் மேல் பொருத்தும் உறையையும் நம் ஊரில் 'கேப்' என்றே சொல்வதால் இதில் குழப்பம் நேர்வதுண்டு. அந்தக் கேப் பல்லுக்கு வெளியே அமர்வது. இங்கே பேசப்படும் மூடல் பல்லுக்கு உள்ளே, அடைப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தகுதியுள்ள பல்லில் பற்கூழைக் காப்பாற்றும் முயற்சியே முதல் தெரிவாக இருக்க வேண்டும். அந்த முயற்சியில் வைக்கப்படும் மூடுபொருளை அன்றைய செலவுக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது. பற்கூழ் அந்தப் பொருளுக்கு எப்படிப் பதில் தருகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். அதே வேளையில், விலையுயர்ந்த பொருளை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. இவற்றை நோயாளிகளும் குடும்பத்தினரும் புரிந்துகொண்டால், நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது சரியான கேள்விகளைக் கேட்க இயலும்.

பற்கூழை ஏன் காக்க வேண்டும்?

பற்கூழின் முதன்மையான வேலை டென்டினை உருவாக்குவது. பல் முளைத்து முடிந்த பிறகும், வாழ்நாள் முழுவதும் மெதுவாக அது டென்டினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சொத்தை நெருங்கும்போது உட்புறத்தில் கூடுதலாகச் சுவர் எழுப்புவதும் அதுவே. குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் காட்டுவதும் அதன் நரம்புகளே. பற்கூழ் அகற்றப்பட்ட பல்லில் அந்த எச்சரிக்கை இல்லை. அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடித்தாலும், அது பெரிதாகும் வரை பல்லின் உரிமையாளருக்குத் தெரியாமலே போகலாம்.

குழந்தைகளிடம் இதன் முக்கியத்துவம் இன்னும் பெரிது. ஒரு நிரந்தரப் பல் ஈறுக்கு வெளியே தெரிந்த பிறகு, அதன் வேர் முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். 6 வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் 9 அல்லது 10 வயதில்தான் முழுமை பெறுகிறது. அதற்குள் பற்கூழ் இறந்துவிட்டால் வேரின் வளர்ச்சி நின்றுவிடும். சுவர் மெலிந்தும் நுனி திறந்தும் இருக்கும். அத்தகைய வேர் பிற்காலத்தில் எளிதாக உடையக் கூடியது. 8 வயதுக் குழந்தையின் பல்லில் அரைத்துளிக்கும் குறைவான திசுவைக் காப்பது, அந்தப் பல்லின் அடுத்த 50 ஆண்டுகளைக் காப்பதாகும்.

பற்கூழ் ஆறுமா?

'திறந்துவிட்ட பற்கூழ் செத்த பற்கூழே' என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. எனினும் மூடிப் பார்க்கும் முயற்சிகள் பழையவை. பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக்கின் பல் மருத்துவராக இருந்த பிலிப் பாஃப், 1756-இல் வெளிவந்த தம் நூலில், திறந்த பற்கூழின் மீது தங்கத் தகட்டை வைத்து மூடும் முறையை விளக்கினார். கிருமிகளைப் பற்றிய அறிவே இல்லாத காலம் அது.

கிருமிகளின் பங்கைத் தெளிவாகக் காட்டியது, அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எலிகளின் பற்களில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்து, மூடாமலே விட்டனர். வழக்கமான சூழலில் வளர்ந்த எலிகளில் பற்கூழ் அழுகி இறந்தது. கிருமிகளே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளிலோ, உணவுத் துகள்கள் திறந்த துளையில் அடைந்திருந்தபோதும் பற்கூழ் உயிரோடு இருந்தது. தன் மீது டென்டின் பாலம் ஒன்றையும் கட்டிக்கொண்டது. திறப்பு பற்கூழைக் கொல்வதில்லை, உள்ளே நுழையும் கிருமிகளே கொல்கின்றன என்ற பாடத்தை அந்த எலிகள் நமக்குக் கற்பித்தன.

அந்தப் பாலம் எப்படி உருவாகிறது? டென்டினைச் சுரக்கும் செல்களுக்கு ஓடோன்டோபிளாஸ்ட் என்று பெயர். காயத்தில் இறந்த ஓடோன்டோபிளாஸ்டுகள் மீண்டும் பிறப்பதில்லை. ஆனால் பற்கூழின் ஆழத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. மனிதரின் நிரந்தரப் பற்களின் கூழில் அவை இருப்பதை 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தகுந்த சூழல் அமைந்தால் அவை காயம் பட்ட இடத்துக்கு நகர்ந்து, டென்டின் சுரக்கும் செல்களைப் போல மாறி, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கடினமான ஒரு தடுப்பை எழுப்புகின்றன. மூடுபொருள் பல்லை ஆற்றுவதில்லை. பற்கூழே தன்னை ஆற்றிக்கொள்கிறது. அதற்குத் துணை நிற்பதோ, இடையூறு செய்வதோதான் மூடுபொருளின் பங்கு.

கிராம்பு, சுண்ணாம்பு, பசை, சிமென்ட்

மூடுபொருள்களின் வரலாற்றை நம் வீட்டில் பழகிய நான்கு பொருள்களின் வழியே சொல்லிவிடலாம்.

முதலாவது கிராம்பு. கிராம்புத் தைலத்தின் முதன்மைப் பொருளான யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்தால் கிடைக்கும் பசைபோன்ற கலவை, தற்காலிக அடைப்பாக இன்றும் பயன்படுகிறது. டென்டின் தடுப்பாக இருக்கும் இடத்தில் அது வலியைத் தணிக்கிறது. அதனால் திறந்த பற்கூழுக்கும் அது இதமாக இருக்கும் என்று முன்பு நம்பினர். ஆனால் 1949-இல் கிளாஸ், சாண்டர் ஆகியோர் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தக் கலவை நேரடியாகப் பட்ட பற்கூழில் அழற்சி தணியாமல் நீடித்தது, பாலம் உருவாகவில்லை. வலி அடங்கியது வேறு, காயம் ஆறியது வேறு. இந்த வேறுபாடு இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

இரண்டாவது சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் வேதிப்பெயரே கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைத் தூய நிலையில் மருந்தாகப் பல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன். 1920-களிலும் 1930-களிலும் அவர் செய்த பணி அதற்கு வழி திறந்தது. இது கடுமையான காரத்தன்மை உடையது. பற்கூழைத் தொட்ட இடத்தில் மெல்லிய ஓர் அடுக்கைக் கருக்கிவிடுகிறது. கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், அந்த மெல்லிய கருகலுக்கு அடியில் மிதமான ஒரு தூண்டல் ஏற்பட்டு, செல்கள் பாலம் கட்டத் தொடங்குகின்றன. காரத்தன்மை கிருமிகளையும் ஒடுக்குகிறது. பல பத்தாண்டுகளுக்கு இதுவே உலகெங்கும் அளவுகோலாக இருந்தது.

அதன் குறைகள் பின்னரே தெளிவாயின. அது காலப்போக்கில் கரைகிறது. டென்டினுடன் ஒட்டிப் பிடிப்பதில்லை. அதன் அடியில் உருவாகும் பாலமும் பெரும்பாலும் முழுமையான சுவராக அமைவதில்லை. குரங்குகளின் பற்களில் செய்து 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வாறு உருவான பாலங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் நுண்ணிய சுரங்கத் துளைகள் காணப்பட்டன. மேலே உள்ள அடைப்பு கசிந்தால், அந்தத் துளைகளே கிருமிகளுக்கு வழியாகிவிடுகின்றன.

மூன்றாவது பசை. பல்லின் நிறத்திலேயே அடைக்கப் பயன்படும் ரெசின் அடைப்புகளைப் பல்லோடு ஒட்டவைக்கும் பசையையே 1990-களில் சிலர் நேரடியாகப் பற்கூழின் மீது தடவி மூடினர். கசிவில்லாமல் மூடினால் போதும் என்பது அவர்களது வாதம். சில விலங்கு ஆய்வுகள் அதற்கு ஆதரவாகவும் இருந்தன. ஆனால் மனிதப் பற்களில் பற்கூழின் பதில் வேறாக இருந்தது. பசைத் துகள்களை அந்நியப் பொருளாகக் கருதி அவற்றைச் சுற்றிப் பெருஞ்செல்கள் சூழ்ந்தன, அழற்சி நீடித்தது, பாலம் பெரும்பாலும் உருவாகவில்லை. அந்த முயற்சியைப் பல் மருத்துவம் கைவிட்டது.

நான்காவது சிமென்ட். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 1993-இல் முதன்முதலாக வெளியிட்ட எம்.டி.ஏ. என்னும் பொருள், வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்டை ஒத்த கால்சியம் சிலிகேட்டால் ஆனது. தூய்மைப்படுத்தப்பட்டு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்பட்டது. ஈரம் இருந்தாலும் இறுகும் தன்மை உடையது. பற்கூழைப் போன்ற ஈரமான இடத்துக்கு இது பெரிய வரம். இறுகும்போது அது வெளியிடும் பொருள்களுள் முக்கியமானது எது என்று பார்த்தால், அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். பழைய சுண்ணாம்பின் தூண்டல் இதிலும் உண்டு. ஆனால் இது கரைந்து போவதில்லை. டென்டினை ஒட்டி நெருக்கமாக மூடுகிறது. மனிதப் பற்களில் ஒப்பிட்ட ஆய்வுகளில், இதன் அடியில் அழற்சி குறைவாகவும் பாலம் கூடுதல் தடிப்பாகவும் துளைகள் குறைவாகவும் இருந்தன.

எம்.டி.ஏ.-விலும் குறைகள் உண்டு. அது இறுக இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது, கையாள்வது எளிதன்று. பிஸ்மத் சேர்ந்த வகைகள் காலப்போக்கில் பல்லைச் சாம்பல் நிறமாக்கக் கூடும்; முன்பல்லில் இது ஒரு சிறு செய்தி அல்ல. 2010 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்த பயோடென்டின் என்னும் கால்சியம் சிலிகேட் சிமென்ட், பிஸ்மத்துக்குப் பதிலாகச் சிர்கோனியம் ஆக்சைடு கொண்டது. ஏறத்தாழ 12 நிமிடங்களில் இறுகத் தொடங்கும். 2013-இல் போலந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பல்வரிசைச் சீரமைப்புக்காக எடுக்கப்பட வேண்டியிருந்த சொத்தையில்லாக் கடைவாய்ப்பற்களில் இந்த இரண்டு பொருள்களையும் வைத்து, ஆறு வாரம் கழித்துப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். இரண்டிலும் பாலம் நன்கு உருவாகியிருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. கிராம்பும் சுண்ணாம்பும் இங்கே பேசப்பட்டதால், வீட்டில் உள்ள கிராம்புத் தைலத்தையோ வெற்றிலைச் சுண்ணாம்பையோ புகையிலையையோ சொத்தைக் குழிக்குள் வைக்க வேண்டாம். மருந்தாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, கிருமி நீக்கிய குழியில், அளவறிந்து, மூடிவைக்கப்படுவது. வீட்டுச் சுண்ணாம்பு கன்னத்தையும் ஈறையும் வெந்துபோகச் செய்யும். ஆறக் கூடிய பற்கூழையும் ஆறாத நிலைக்குத் தள்ளிவிடும்.

பொருள் மட்டும் போதுமா?

இதுவரை படித்தவர்கள், 'நல்ல சிமென்ட்டை வைத்துவிட்டால் பல் தப்பிவிடும்' என்ற முடிவுக்கு வரக்கூடும். அங்கேதான் நாங்கள் சற்று நிறுத்திப் பேச விரும்புகிறோம்.

சுவீடனைச் சேர்ந்த சிவெக் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விபத்தில் உடைந்து பற்கூழ் வெளிப்பட்ட 60 முன்பற்களில், மேற்பரப்பில் இருந்த சிறிதளவு பற்கூழை மட்டும் நீக்கி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 96 விழுக்காடு பற்கள் ஆறின. இதற்கு மாறாக, ஜெர்மனியில் சொத்தையால் வெளிப்பட்ட 123 பற்களைத் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மாணவர்கள் அதே கால்சியம் ஹைட்ராக்சைடால் மூடிய பற்களுள் ஐந்தாண்டுகளுக்குப் பின் பார்த்தவற்றில் 44.5 விழுக்காடும், பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தவற்றில் 79.7 விழுக்காடும் தோல்வி அடைந்திருந்தன. மூடுபொருள் ஒன்றே. சிகிச்சை முறையிலும் கவனித்த காலத்திலும் வேறுபாடு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் முதன்மையான வேறுபாடு பற்கூழின் நிலையில் இருக்கிறது. விபத்தில் உடைந்த இளம் பல்லின் கூழ், நேற்று வரை நலமாக இருந்தது. சொத்தைப் பல்லின் கூழோ, பல மாதங்களாகக் கிருமிகளோடு போராடிக் களைத்தது.

ஜெர்மானிய ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. பற்கூழ் வெளிப்பட்ட முதல் இரண்டு நாள்களுக்குள் நிலையான அடைப்பு வைக்கப்பட்ட பற்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாகப் பிழைத்தன. எனவே உள்ளே வைத்த மருந்தைப் போலவே, மேலே வைத்த மூடியின் கசிவின்மையும் முடிவைத் தீர்மானிக்கிறது. எலிகளின் பாடமும் இதுவே.

அப்படியானால் பொருளுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் 35 பல் மருத்துவ நிலையங்களில் 376 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியம் ஹைட்ராக்சைடால் மூடியபோது ஈராண்டு முடிவில் தோல்விக்கான வாய்ப்பு 31.5 விழுக்காடு, எம்.டி.ஏ.-வால் மூடியபோது 19.7 விழுக்காடு. ஆய்வுக்கூடத்தில் அல்லாமல், அன்றாட மருத்துவ நிலையங்களில் கிடைத்த எண்கள் இவை என்பதால் எங்களுக்கு இவை முக்கியம். நல்ல பொருள் தோல்வியைக் குறைத்தது, ஒழித்துவிடவில்லை. மாறாக, ஒரே மருத்துவர் மிகுந்த கவனத்துடன் எம்.டி.ஏ. வைத்து, ஒன்பதாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 49 பற்களுள் 48 நலமாக இருந்தன. ஏறத்தாழ 20 விழுக்காட்டுத் தோல்விக்கும் 2 விழுக்காட்டுத் தோல்விக்கும் இடையே மூடுபொருள் மாறவில்லை. பல்லைத் தேர்ந்தெடுத்த விதமும் கையாண்ட விதமும் மாறின.

ஆகவே எங்கள் வரிசை இதுதான்: முதலில் பற்கூழின் நிலை, அடுத்துத் தூய்மையும் கசிவில்லாத மூடியும், அதற்கடுத்து மூடுபொருள். மூன்றாவது இடம் என்பதால் அதை அலட்சியம் செய்யலாம் என்று பொருளன்று. பற்கூழின் நிலையை நாம் விரும்பியபடி மாற்ற இயலாது. மூடுபொருளைத் தெரிவு செய்வதோ முற்றிலும் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதில் குறை வைக்கலாகாது.

எந்தப் பல்லுக்கு, எப்படி?

குளிர்ந்த நீர் பட்டால் கூசி, உடனே அடங்கிவிடும் பல், பெரும்பாலும் ஆறக் கூடிய பல். தூண்டுதல் எதுவும் இல்லாமல் தானே வலிப்பது, தூக்கத்தைக் கலைப்பது, குளிரோ சூடோ பட்டபின் நெடுநேரம் நீடிப்பது ஆகியவை பற்கூழ் ஆழமாகப் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள். அப்போது வெறும் மூடல் பொருந்தாது. மேற்பகுதிக் கூழையோ முழுக் கூழையோ அகற்ற வேண்டியிருக்கும். முகம் வீங்கியிருந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ மூடல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பைப் பொருத்தி, எச்சில் உள்ளே புகாமல் தடுத்த பிறகே பற்கூழைத் தொட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. வாய்க்கு அது சற்று அசௌகரியம். ஆனால் எச்சிலில் உள்ள கிருமிகளைத் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. வெளிப்பட்ட இடத்தில் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை மெதுவாக அழுத்தி வைக்கிறோம். ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் இரத்தக் கசிவு நின்றால், பற்கூழ் நம்பிக்கை தருகிறது. நில்லாமல் கசிந்துகொண்டே இருந்தால், உள்ளே அழற்சி ஆழமாக இருக்கிறது என்று பொருள். எந்த விலையுயர்ந்த சிமென்ட்டும் அந்தப் பதிலை மாற்றாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறக்காமலே இருப்பது, திறந்து மூடுவதை விட நல்லது. ஆழமான சொத்தையில், பற்கூழுக்கு மிக அருகே உள்ள மென்மையான டென்டினைச் சிறிதளவு விட்டுவைத்து, ஓரங்களை முழுமையாகச் சுத்தம் செய்து, கசிவில்லாமல் மூடிவிடும் முறையை இப்போது உலகெங்கும் வல்லுநர் அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. 'டாக்டர் சொத்தையை முழுவதும் எடுக்கவில்லையோ' என்று ஐயப்பட வேண்டாம். சில நேரங்களில் தெரிந்தே விடப்படும் அந்தப் படலம், பற்கூழுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மூடியாக அமையும்.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

'எப்படியும் பிறகு வேர் சிகிச்சை வரத்தான் போகிறது. இன்றே செய்துவிட்டால் ஒரே செலவு' என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் வாதம். மருத்துவர்களிடையேயும் இந்த எண்ணம் உண்டு. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். வேர் சிகிச்சை நம்பத்தக்க, நல்ல சிகிச்சை. ஏற்கெனவே பெரிதும் சிதைந்து, உறைக்கு வேரிலிருந்து பிடிமானம் தேவைப்படும் பல்லில், நேராக அதைச் செய்வதே அறிவுடைமை. மூடல் தோற்ற சில பற்களில் வேர்க் குழாய் சுண்ணமேறிக் குறுகிவிடுவதால், பின்னர் செய்யும் வேர் சிகிச்சை கடினமாவதும் உண்மையே.

ஆனால் 'எப்படியும் வரும்' என்பது எல்லாப் பற்களுக்கும் பொருந்தாது என்பதை மேலே கண்ட எண்கள் காட்டுகின்றன. தகுதியுள்ள பல்லில், தகுந்த பொருளுடன், தூய்மையாகச் செய்த மூடலில் பெரும்பாலானவை வெல்கின்றன. வென்றால், வேர் சிகிச்சையும் அதைத் தொடரும் உறையும் தேவைப்படாமலே போகலாம். தோற்றால், பெரும்பாலும் வேர் சிகிச்சை என்ற வழி அப்போதும் திறந்தே இருக்கும். முதலில் பற்கூழை அகற்றிவிட்டாலோ, மீட்கும் வழி இல்லை. மீள முடியாத சிகிச்சையை மீளக்கூடிய சிகிச்சைக்கு முன்னால் வைப்பது மருத்துவ அறத்தின் வரிசைக்குப் பொருந்தாது.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கால்சியம் சிலிகேட் சிமென்ட், பழைய கால்சியம் ஹைட்ராக்சைடு பசையைவிட விலை கூடியது. அன்றைய ரசீதில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒப்பிட வேண்டியது அந்த இரண்டு பசைகளின் விலையை அன்று. சிமென்ட்டின் விலையையும், பற்கூழ் இறந்தால் வரக்கூடிய வேர் சிகிச்சை, உறை ஆகியவற்றின் செலவையுமே. இந்தக் கணக்கை மருத்துவர் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தினரும் தயங்காமல் கேட்க வேண்டும்.

மற்றொரு தடை, திரும்ப வருவது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வருபவர்களிடம், 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொல்வது எளிது, வருவது கடினம். இதை நாங்கள் அறிவோம். ஆனால் மூடிய பல்லில் வலி இல்லாமை மட்டுமே வெற்றியின் சான்று ஆகாது. கிராம்புக் கலவையின் பாடத்தை இங்கே நினைவுகூரலாம்: பற்கூழ் ஓசையில்லாமல் இறக்கக் கூடும். குளிர்ச் சோதனையும் எக்ஸ்ரேயும்தான் உள்ளே நடப்பதைச் சொல்லும். ஆகவே ஆறு மாதத்திலும் ஓராண்டிலும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். திரும்ப வர இயலாது என்று உறுதியாகத் தெரிந்தால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அது குற்றம் அன்று. சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் உண்மை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பல் மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்துகொள்ளவும் வழி செய்யலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆழமான சொத்தைக்குச் சிகிச்சை தொடங்குவதற்கு முன், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கும் முன், சில கேள்விகளைக் கேளுங்கள். 'பற்கூழ் வெளிப்பட்டால் என்ன செய்வீர்கள்? காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறதா? எந்தப் பொருளால் மூடுவீர்கள்? நிலையான அடைப்பை அன்றே வைப்பீர்களா? எப்போது திரும்ப வர வேண்டும்?' வாய் திறந்து, மரத்துப்போன நிலையில் நோயாளியால் முடிவெடுக்க இயலாது. வெளியே காத்திருக்கும் தாயோ தந்தையோ, அவசரமாக அழைக்கப்பட்டு, ஒரு நிமிடத்தில் முடிவு சொல்வதும் முறையன்று. இந்தப் பேச்சு முன்பே நடந்திருக்க வேண்டும். அதைத் தொடங்கும் பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. நாங்கள் தொடங்காவிட்டால், நீங்கள் தொடங்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் தாழ்த்தாதீர்கள். குளிர்ந்த நீருக்குப் பல் கூசத் தொடங்கிய வாரத்தில் வருபவருடைய பற்கூழுக்கும், இரவெல்லாம் வலித்து, மாத்திரையில் நான்கு மாதம் தள்ளி வருபவருடைய பற்கூழுக்கும் ஒரே சிமென்ட்டைத்தான் எங்களால் வைக்க இயலும். அவை தரும் பதில்கள் ஒன்றாக இருக்கமாட்டா. பற்கூழை ஆற்றும் பொருள்களைப் பல் மருத்துவம் கண்டறிந்துவிட்டது. அவை பயன்படும் நேரத்துக்குள் வந்து சேர்வது உங்கள் கையில் இருக்கிறது.